வலிக்குச் சொன்னது

மகள் முக்காட்டோடு அறையை விட்டு வெளியே வந்தாள். அடுப்படியில் முட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. ஓடு வாணலிக்குள் விழுந்தது.

நீல நிறத் துணி. ஒரு முடி வெளியே தெரியாமல் சுற்றி, காதுக்குக் கீழே ஊசி குத்தியிருந்தாள். பதினாறு வயது. கைக்குழந்தையாக இந்த நாட்டுக்குத் தூக்கி வந்ததிலிருந்து, தொழுகை நேரம் தவிர அவள் தலையில் துணி ஏறியதே இல்லை.

"கழட்டு."

"ஏன்மா?"

"பஸ்ல போகணும்ல? கழட்டு."

லாரி ஓட்டக் கிளம்பிக்கொண்டிருந்த மகளின் அத்தா, வக்கீலம்மாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது, இருந்தாலும் கொஞ்சம் யோசித்துச் செய்யட்டும் என்றார். வீட்டில் மகளுக்கு அதுதான் பெயர். வக்கீலம்மா மாதக்கணக்கில் யோசித்துவிட்டாளாம். யாரும் சொல்லித் தரவில்லையாம், யாரும் வற்புறுத்தவில்லையாம். அவளுக்கே வேண்டியிருக்கிறதாம்.

"நீங்க பயந்து கழட்டினீங்க. நான் பிடிச்சுப் போடுறேன். ரெண்டும் வேறம்மா."

சுருக்கென்றது அம்மாவுக்கு. உண்மையாக இருந்தால்தானே சுருக்கென்னும்?

அம்மா பெரியவளான நாளிலிருந்து புர்கா போட்டவள். சோறு தின்பதைப் போல, தூங்குவதைப் போல அதுவும் ஒன்று. யோசித்ததெல்லாம் இல்லை. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், கடையில் பில் போட வரிசையில் நின்றபோது பின்னாலிருந்து ஒரு கை வந்தது. முக்காட்டைப் பிடித்து இழுத்த இழுப்பில் ஊசி கழுத்தைக் கிழித்தது. இடுப்பில் இருந்த குழந்தை வீறிட்டது. வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அலமாரியில் இருந்த சோப்பு டப்பாக்களை அக்கறையாகப் பார்த்தார்கள்.

உயிரோடு இருந்தால்தானே தொழ முடியும் என்றார் கணவர். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் கழற்றினாள். பிறகு பல மாதம் வாசற்படி தாண்டவில்லை. காற்று தலையில் பட்டாலே ரவிக்கை இல்லாமல் தெருவில் நிற்பது போலக் கூசியது.

அப்போதுதான் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ரொட்டியை உறையில் போட்டு மூடும் பிரிவு. ஒரு முடி வெளியே தெரிந்தாலும் உள்ளே விடமாட்டேன் என்று மேற்பார்வைக்காரி முதல் நாளே கறாராகச் சொல்ல, கூட நின்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. காது வரை இறங்கும் வெள்ளைத் துணித் தொப்பி. ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்கள் முதலில் பிடுங்கி எறிவது அதைத்தான். இவள் போகும்போதும் வரும்போதும் அதோடு பஸ் ஏறுவாள், அதோடு கடைக்குப் போவாள். கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள். உலகத்திலேயே தலையை மூடச் சம்பளம் வாங்கும் பொம்பளை நீ ஒருத்திதான் என்று கணவர் கேலி செய்வார். தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ரொட்டிக்காரி, அவ்வளவுதான்.

காலையில் அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே பஸ். முக்காடு வந்த மறுநாள் அம்மா ஏறியதும் டிரைவருக்குப் பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். அதுவரை இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருவார்கள். மகள் நேராகப் பின்னால் போனாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை அந்த ஆள் ஏறினான். நல்ல கோட்டு, மழித்த முகம், கையில் குடை. பார்த்தால் பள்ளி வாத்தியார் என்பீர்கள். மகளின் இருக்கை அருகே போய் நின்றான். எந்த நாட்டிலிருந்து வந்தாயோ அங்கேயே போ என்று ஆரம்பித்தான். குரல் ஏறிக்கொண்டே போனது. டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை நீல முக்காட்டைப் பற்றியதையும் பார்த்தாள்.

"அம்மா!"

பஸ்ஸில் அது யாரைக் குறிக்கும் என்று தெரிந்தவள் ஒருத்திதான். அந்த ஒருத்தி திரும்பவில்லை. அவள் கை தானாக மேலே போய்த் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டது.

யாரோ ஒரு கிழவர் எழுந்து சத்தம் போட்டார். டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். குடைக்காரன் முனகிக்கொண்டே இறங்கிப் போனான். பள்ளி நிறுத்தத்தில், முக்காட்டைச் சரிசெய்தபடி மகள் முன்வாசலுக்கு வந்தாள். அம்மாவைக் கடக்கும்போது ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருக்கலாம். முன்பின் தெரியாத ரொட்டிக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். அம்மாவை யாருக்கும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்ற கவனம் அதில் இருந்தது.

அன்று சாயங்காலம், மகளின் கழுத்தில் ஊசி கீறிய இடத்தில் மருந்து தடவிக்கொண்டே அம்மா ஆரம்பித்தாள்.

"நீ கூப்பிட்டப்போ..."

"நான் எங்க கூப்பிட்டேன்? வலிச்சுதும்மா. வலிச்சா அம்மான்னுதான வரும்? கட்டில்ல கால் இடிச்சாகூட அப்படித்தான கத்துறோம்."

வக்கீலம்மாவுக்கு எல்லா வாதமும் வரும், பொய் மட்டும் வராது. சொல்லும்போது நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மகள் தலையில் முக்காடு இல்லை. பின்னிய சடையோடு வந்து உட்கார்ந்தாள். அத்தாவுக்கு மூச்சு வந்தது. ஊரோடு ஒத்து வாழ் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று ஆரம்பித்து, மனைவியின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார்.

"அவனுக்குப் பயந்துட்டியா?" அம்மா கேட்டாள்.

"அவனா? இன்னிக்கு வந்தாலும் நாலு கேள்வி கேப்பேன்."

"அப்புறம் ஏன்?"

"நீங்க முன்னாடி தனியா உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியலம்மா."

போட்டுக்கோ என்ற வார்த்தை அம்மாவின் நுனிநாக்கு வரை வந்தது. கூடவே அந்தக் கடை வரிசையும், பின்னாலிருந்து நீண்ட கையும் வந்தன. வார்த்தையை விழுங்கினாள். இத்தனை நாளாகத் தொழுது முடித்து அவள் துஆவில் கையேந்திக் கேட்டதும் இதைத்தானே? கேட்டது கிடைத்துவிட்டது.

பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஏறியவர்கள் ஏறினார்கள், இறங்கியவர்கள் இறங்கினார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகளும் ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவில்லை.