உங்கடை முறை

குழிக்குள் தோண்டிக்கொண்டு நின்ற யாகப்பு அலவாங்கை மேலே எறிந்தான். "கல்லு வந்திட்டுது. இனி என்னாலை ஏலாது."

இடுப்பளவுதான் செம்மண். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்.

"பாத்தியளோ இஞ்சினியர்? கல்லு. கல்லுக்குள்ளாலை என்ன போகும்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை. ஏழாலையில் பிரசவ ஆசுப்பத்திரி கட்டவென்று கூடிய சபைக்கு அவர்தான் தலைவர். ஆசுப்பத்திரியின் கழிவு முழுவதும் இறங்கப்போகிற குழி அது. கொஞ்சம் தள்ளி எல்லையில் ஒரு பங்குக் கிணறு. அதற்கு அங்காலே இரத்தினம்மா வெங்காயம் நட்ட தறை. செவ்வாயும் வெள்ளியும் இந்தக் காணிக்கு இறைப்பு முறை; மற்ற நாட்கள் அவளுக்கு. சபை காணியை வாங்கியபோது கிணற்றுப் பங்கும் சேர்ந்தே வந்தது. அவள் வீட்டில் குடிப்பதும் அந்தத் தண்ணீர்தான்.

நவரட்ணம் இஞ்சினியர் கல்லை நம்புகிற ஆள் இல்லை. "இந்தக் கல்லு முழுக்க ஓட்டை. சாயம் விட்டுப் பாக்காமல் நான் ஓம் எண்டு சொல்லமாட்டன்." ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே சிவப்புப் பொடி. "உது முடிஞ்சால், சண்டையாலை சாமான் வராத இந்தத் தடைக்குள்ளை எங்கை தேடுறது?"

பொடி விழுந்ததும் குழித் தண்ணீர் கண்ணைக் குத்துகிற பச்சையானது. மத்தியானம்வரை பரல் பரலாகத் தண்ணீர் ஊற்றினார்கள். குழி குடித்துக்கொண்டே இருந்தது. கிணறு மட்டும் தெளிவாகவே கிடந்தது.

"சரி, சோதனை முடிஞ்சுது," என்றார் தலைவர்.

"முடியேல்லை. கிணறு சும்மா கிடந்தால் ஒண்டும் தெரியாது. இறைச்சால்தான் ஊத்து இழுக்கும். இறைக்கிற மிசினைப் போடுங்கோ."

"மண்ணெண்ணெய்க்கு ஆரிட்டைப் போறது?"

"என்னட்டைக் கிடக்கு," என்றாள் இரத்தினம்மா. காலையிலிருந்து கிணற்றடியை விட்டு அவள் அசையவில்லை. வெங்காயத்துக்குக் கடைசி இறைப்புக்கென்று பொத்திவைத்த ஒரு போத்தல் எண்ணெய் அவளிடம் இருந்தது. மிசினும் அவளுடையதுதான்.

ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். "பிள்ளை, இண்டைக்கு வெள்ளி. எங்கடை முறை. முறை மாறி இறைச்சால் களவு. உன்ரை கொப்பர் காலத்துச் சட்டம்."

சோதனைக்கு அவர் ஏன் வெள்ளிக்கிழமையைப் பிடித்தார் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. முறை மாறி இறைத்து மண்டை உடைபட்ட கதைகள் அந்த ஊரில் நிறைய உண்டு.

"ஆசுப்பத்திரி வேண்டாமெண்டு ஆர் சொன்னது அண்ணை? என்ரை மகளும் பிள்ளைத்தாச்சிதான். குழியை ரோட்டுப் பக்கம் வெட்டுங்கோ எண்டுதானே கேட்டனான்."

"ரோட்டுப் பக்கம் கடை கட்டப்போறம். வாசல்லையோ கக்கூசுக் குழி?"

"அப்ப என்ரை வாய்க்குள்ளையோ?"

யாகப்பு மறுபக்கம் திரும்பிச் சிரித்தான்.

அவள் போத்தலைக் கொண்டுவந்து மிசினுக்குள் கவிழ்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்துத் தன் தறைக்குப் போகிற வாய்க்காலை மண்போட்டு அடைத்தாள். சபைக் காணிக்குப் போகிற வாய்க்காலை வெட்டித் திறந்தாள். கயிற்றைச் சுற்றி இழுத்தாள். மிசின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"ஏய், களவு! நிப்பாட்டு!"

"இதென்ன களவு? உங்கடை முறைத் தண்ணியை உங்கடை காணிக்குத்தானே விடுறன். ஒரு சொட்டு என்ரை பக்கம் வந்தால் என்ரை கையைப் பிடியுங்கோ. மிசினிலை மட்டும் கை வையாதேங்கோ, அது என்ரை."

தண்ணீர் புல் முளைத்த காணிக்குள் வெள்ளையாகப் போனது. நேரம் போனது. எண்ணெயும் போனது. அவளுடைய வெங்காயம் அடைத்த வாய்க்காலுக்கு அங்காலே காய்ந்துகொண்டு நின்றது. ஆழ்வாப்பிள்ளை குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "ஊத்து முழுக்க வத்தப்போகுது, விசரி," என்றார்.

முதலில் கண்டது யாகப்பு. "தலைவர், காலைப் பாருங்கோ."

வாய்க்கால் பச்சையாக வந்து அவருடைய செருப்பை நனைத்தது. வேட்டிக் கரையிலும் ஏறியது.

"கொஞ்சம்தானே, இஞ்சினியர்," என்றார்.

இரத்தினம்மா செம்பில் அள்ளி நீட்டினாள். "கொஞ்சம்தானே. குடியுங்கோ."

அவர் கை நீட்டவில்லை.

"குழி இஞ்சை வராது," என்றார் நவரட்ணம்.

யாகப்பு அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தான். மிசின் எண்ணெய் இல்லாமல் நின்றது. கிணறு அடிவரை பச்சை. இரத்தினம்மா கிணற்றுத் துலாவில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வாளியை ஆழ்வாப்பிள்ளையின் காலடியில் வைத்தாள்.

"கிணறு பழுதானால் பங்குகாரர் எல்லாருமாத்தான் கலக்கி இறைக்கவேணும். அதுவும் என்ரை கொப்பர் காலத்துச் சட்டம்தான். வேட்டியை மடிச்சுக்கட்டுங்கோ அண்ணை. இண்டைக்கு உங்கடை முறை."