கஞ்சியால் ஒட்டிய சுவர்

கதவைத் திறந்ததுமே என் மூக்கு வேலைக்குத் திரும்பிவிட்டது. முப்பத்துநாலு வருஷம் நகராட்சிச் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். சாக்கடை, கசாப்புக் கூடம், ஹோட்டல் பின்கட்டு என்று ஊரில் நாறுவதையெல்லாம் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட மூக்கு அது. ஓய்வு பெற்ற பிறகு கண்ணாடியைத் தாங்குவது தவிர அதற்கு ஒரு வேலையும் இல்லை. அக்கா மகளின் விடுதி அறை வாசலில் சிலிர்த்து எழுந்துகொண்டது.

"எப்படி மாமா இருக்கு?" என்றாள் அவள், பெருமையாக.

"நல்லா இருக்கு. எது செத்துப்போச்சு?"

"விளையாடாதீங்க மாமா. பதினோரு மணிக்குக் குச்சியோட அம்மா வர்றாங்க. ரூம் பிடிக்கலைன்னா இவளைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் தினமும் ரெண்டு பஸ் மாறி வரணும். ஒரு மாசத்துல படிப்பையே விட்டுடுவா."

குச்சி என்பது அறைத் தோழி. பெயருக்கேற்ற உடம்பு. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பாவம், காசில்லாமல் என்னென்னவோ செய்திருந்தார்கள். படிப்பு முடித்துப் போனவர்கள் கழித்துவிட்டதில் பொறுக்கிய ஒரு கம்பளம் தரையில் கிடந்தது. எத்தனை நாய்கள் அதில் படுத்து எழுந்தன என்று கேட்டால், ஒரு மந்தை என்பேன். ஈரம் பூத்த சுவரை மறைக்கப் பழைய காலண்டர் படங்களைத் தரையிலிருந்து கூரை வரை ஒட்டியிருந்தார்கள். அருவி, காடு, பனிமலை. அருவியின் வயிறு வீங்கியிருந்தது. விரலால் அமுக்கினேன். உள்ளே 'களக்' என்றது.

"எதை வச்சும்மா ஒட்டினீங்க?"

"பசை வாங்கக் காசு ஏது? மூணு நாள் முன்னாடி மெஸ்ல காலைல மிஞ்சின கஞ்சிய ஒரு வாளி கேட்டு வாங்கிட்டு வந்தோம்."

"வெறும் கஞ்சியா?"

"பால், சர்க்கரை எல்லாம் போட்டது மாமா. நல்லாப் பிசுபிசுன்னு இருந்துச்சு."

நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். பாலும் சர்க்கரையும் போட்டு, ஜன்னலைச் சாத்தி, மூன்று நாள். என் சர்வீஸில் எத்தனையோ பேர் பூச்சிகளுக்குச் சோறு போட்டு நான் பார்த்திருக்கிறேன். சுவர் முழுக்க இலை போட்டுப் பரிமாறியவர்களை அன்றுதான் பார்த்தேன். எறும்புகள் வரிசையாகப் பனிமலை ஏறிக்கொண்டிருந்தன. காட்டுக்குள் ஏதோ சலசலத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்திலிருந்த மான் கழுத்தை அசைத்தது.

"இப்பவே கிழிச்சிடலாம்," என்று சொல்லி எழுவதற்குள் குச்சியின் அம்மா வந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். வார்டில் அவர் நடந்தால் படுக்கை விரிப்பு தானாகவே சுருக்கம் நீக்கிக்கொள்ளும் என்று கேள்வி. வாசலிலேயே நின்று கைக்குட்டையை எடுத்தார்.

"புண்ணுக்குக் கட்டு மாத்துற ரூம்கூட இப்படி நாறாது. யார் சார் நீங்க?"

"இந்தப் பொண்ணோட தாய்மாமன். முன்னாள் சுகாதார ஆய்வாளர்."

"ஆய்வு செஞ்சீங்களா?"

அந்த அம்மா உள்ளே வந்து, அருவியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அருவி மட்டுமா வந்தது? காடு, மலை, மான் எல்லாம் ஒரே தோலாக உரிந்து தொப்பென்று விழுந்தன. பின்னாலேயே புளித்த கஞ்சி, நூல் நூலாக. அதன் பின்னால் கரப்பான்பூச்சிகள், ஐந்நூறு. சரி, ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீசையில் கஞ்சி ஒட்டிய ஐம்பது.

அக்கா மகள் கட்டில் மேல் ஏறினாள். நான் நாற்காலி மேல் ஏறினேன். தலைமை நர்ஸ் தாழ்வாரத்துக்கே போய்விட்டார்.

"பெட்டிய எடுடி, போகலாம்," என்றார் அங்கிருந்து.

குச்சி பெட்டியை எடுக்கவில்லை. குளியல் வாளியை எடுத்தாள். முழங்காலிட்டு, அந்தக் கூழை வெறுங்கையால், பூச்சியோடு சேர்த்து, வழித்து வழித்து வாளியில் போட்டாள். விரலிடுக்கில் பிதுங்கியது. ஒன்று முழங்கை வரை ஏறியது. அதையும் சுண்டி வாளிக்குள் தள்ளினாள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். முப்பத்துநாலு வருஷ மூக்கை.

"கதவச் சாத்தும்மா. பக்கத்து ரூமுக்குப் போயிடும்."

"வீட்டுல சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவ மாட்டியேடி நீ."

"அது உன் வீடு. இது நாங்க பண்ணின அசிங்கம், நாங்கதான் அள்ளணும்."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து மறுபடி முழங்காலிட்டாள்.

அம்மா கைக்குட்டையை மடித்து வைத்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கைப்பையை என்னிடம் நீட்டினார்.

"இதப் பிடிங்க சார். நாற்காலி மேல நின்னுக்கிட்டே பிடிக்கலாம், பரவாயில்ல." மகள் பக்கம் திரும்பினார். "அது வழிச்சாப் போகாதுடி. வெந்நீர் கொண்டா, சலவை சோடா கொண்டா. இன்னொருத்தி கட்டில விட்டு இறங்கு."

மூன்று மணிக்குச் சுவர் மொட்டையாக நின்றது. பச்சையும் கறுப்புமாக ஈரத்திட்டுகள். ஆறாத சொறி மாதிரி, பார்க்கச் சகிக்கவில்லை.

"அப்படியே இருக்கட்டும். ஒண்ணையும் ஒட்டித் தொலைக்காதீங்க," என்றார் அந்த அம்மா. மகளின் காதோரம் ஒட்டியிருந்த கஞ்சியைக் கட்டை விரலால் துடைத்துத் தன் உடுப்பிலேயே தடவிக்கொண்டார். "அடுத்த ஞாயிறு வருவேன். முகர்ந்து பாப்பேன்."

நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். தனியாகத்தான் போனார். கூட்டமான பஸ்தான். ஆனாலும் அவர் உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.