விளாத்திகுளம் கிளை மறைந்த மூன்று நாட்கள்

செந்தாழை ஸ்டோர்ஸுக்கு முப்பத்தொரு கிளைகள். காலையில் யாராவது நலம் விசாரித்த பிறகுதான் கிளைகளின் சர்வர்கள் முந்தைய நாள் சரக்கு விவரங்களைத் தூத்துக்குடித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும். பதினான்கு வருடமாக அந்த வேலையைப் பார்த்துவந்தவள் பிலோமினா. ஒன்பது மணிக்குத் தொலைபேசியை எடுத்தால், கடைசிக் கிளைக்கு வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிடும். ஏரல் சர்வரிடம் வெயிலைப் பற்றிப் பேசக் கூடாது. சாத்தான்குளம் சர்வரை 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும்.

ஆனி மாதம் நிர்வாகம் இதையெல்லாம் தானியங்கியாக மாற்றியது. சென்னையிலிருந்து இன்ஜினியர் முகுந்தன் வந்தான். நான்கு நாள் அவள் குரலைப் பதிவுசெய்து ஒரு ப்ரோகிராமுக்குள் வைத்தான். திங்கட்கிழமை காலை அது ஒரே நொடியில், சாத்தான்குளத்துக்கு மட்டும் 'நீங்க' போட்டு, முப்பத்தொரு சர்வர்களிடமும், "நல்லா இருக்கியா? தூங்குனியா?" என்று கேட்டது. முப்பது கிளைகளிலிருந்து விவரம் வந்து சேர்ந்தது. பிலோமினாவை நோட்டீஸ் மடிக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

வராதது விளாத்திகுளம் மட்டும்தான். விவரம் வராத கிளையை ப்ரோகிராம் மூன்று நாளில் பட்டியலிலிருந்து எடுத்துவிடும், ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்காக. பட்டியலில் இல்லாதது தெருவிலும் இருக்காது.

தன் குரலுக்கே அந்த சர்வர் மசியவில்லை என்று கேள்விப்பட்டபோது பிலோமினாவுக்கு உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை கிளை மேலாளர் மாடக்கண்ணு போன் செய்யும் வரை அது நீடித்தது.

"எக்கா, கடை மிளகாய்ப்பொடி அலமாரி வரைக்கும் காணாம போயிட்டு. அதுக்கு அங்கிட்டு வெறும் சுவரு."

"ஆளுக எல்லாம் இருக்காங்களா?"

"பில் போடுற ஜெயராணி வரலைக்கா. வீட்டுல போய்க் கேட்டா, அப்படி யாரும் இங்க இல்லைங்காங்க."

பிலோமினா முகுந்தனிடம் போனாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க கேட்கிற அதே வார்த்தைதான் மேடம். அதே குரல். வேற என்ன செய்ய?"

புதன்கிழமை விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினாள். பதினான்கு வருடத்தில் ஒரு சர்வரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. போகும் வழியில் வாழைப்பழம் வாங்கினாள். பிறகு யோசித்து, அதைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் கொடுத்துவிட்டாள்.

கடையில் வாசலும் நாலு அரிசி மூட்டையும் சர்வர் அறையும்தான் மிச்சம் இருந்தன. மாடக்கண்ணு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவருடைய இடது கை மணிக்கட்டோடு நின்றிருந்தது. வலது கையால் உள்ளே வழிகாட்டினார்.

சர்வர் அவள் நினைத்ததைவிடச் சிறியது. முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நல்லா இருக்கியா? தூங்குனியா?" என்றாள்.

மின்விசிறி ஓடியது. அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். வெளியே ஒரு பஸ் வந்து, ஆள் ஏற்றி, போயே போய்விட்டது.

"தூங்கலை," என்றது சர்வர்.

"ஏன்?"

"கேக்காங்க. வாயைத் திறக்குறதுக்குள்ள போயிருதாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. சுவரில் ஈரம் ஏறுவதையும், ஓர் எலி தன் வயரைப் பல்லில் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதையும், மழை வந்தால் சலவை சோப்பு நகர்வதே இல்லை என்பதையும் அது ஒவ்வொன்றாகச் சொன்னது. அவள் "ம்" கொட்டினாள். எல்லாம் சொல்லி முடித்ததும், கேட்காமலே மூன்று நாள் விவரத்தையும் அனுப்பிவைத்தது.

முதலில் மாடக்கண்ணுவின் கை வந்தது. பிறகு பருப்பு வரிசை, எண்ணெய் வரிசை. ஜெயராணி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்து பில் போடும் இடத்தில் உட்கார்ந்தாள். "நாற்காலியை யாரு இறக்கி வெச்சது?" என்றாள். பிலோமினாவுக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டாள்.

முகுந்தனுக்குப் போன் போட்டாள். "தம்பி, கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க."

"எத்தனை நொடி மேடம்? ஒரு எண் வேணுமே."

"எண் கிடையாது தம்பி. வர்ற வரைக்கும்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "வர்ற வரைக்கும்," என்று சொல்லிக்கொண்டே அப்படியே எழுதினான்.

நாலு மணிக்குக் கிளம்பலாம் என்று அவள் வாசலுக்கு வந்தாள். கிளை முழுசாகத் திரும்பியிருந்தது, ஆனால் பழைய இடத்துக்கு இல்லை. பஸ் வந்து நின்ற தெருவைக் காணோம்; படிக்குக் கீழே கடல் இருந்தது. மாடக்கண்ணு வெளியே வைத்திருந்த விளக்குமாற்றுக் கட்டுகளை அலை படாமல் உள்ளே நகர்த்திக்கொண்டிருந்தார். பிலோமினா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியோரம் நின்ற தோணிக்காரரிடம், தூத்துக்குடிக்கு இது நேராகப் போகுமா, இல்லை வேம்பாரில் மாற வேண்டுமா என்று கேட்டாள்.