பேர் மாற்றிய ஆள்

ஒஸ்லோவில் நான் முதுகலை படிக்கச் சேர்ந்த அந்தப் பழைய கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வந்த மாணவர் ஒவ்வொருவரும் முதல் பருவத்திலேயே ஒரு பேராசிரியரைக் குற்றம் சொல்ல வேண்டும். பகிடிக்குச் சொல்லவில்லை. பேராசிரியர் தான் எழுதிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒன்றைத் தருவார். தாடிக்காரக் கிழவர்களின் படங்கள் தொங்கும் மண்டபத்தில் எழும்பி நின்று, அதில் என்ன பிழை என்று எல்லோருக்கும் முன்னால் நாங்கள் சொல்ல வேண்டும். எழுதியவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். குற்றம் சொல்பவருக்கு ஒப்பொனென்ற் என்று பெயர். அதைச் செய்யாவிட்டால் பருவம் தேறாது. பருவம் தேறாவிட்டால் விசாவும் இல்லை.

எனக்கு வாய் நீளம்தான். ஆனால் அந்த வாய் படிப்பிப்பவர்களுக்கு முன்னால் திறந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் கரும்பலகையில் கணக்கைப் பிழையாகப் போட்டால், அந்தப் பிழையையும் அழகாகப் பார்த்து எழுதி வந்தவள் நான். இங்கேயோ பேராசிரியரைப் பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறார்கள். முதல் மாதம் முழுக்க நான் அவரைக் கூப்பிடவே இல்லை. முன்னால் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை இருமிக்கொண்டு நின்றேன்.

அது இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு இலையுதிர்காலம். ஊரில் சமாதானம் என்று பேருக்கு இருந்ததும் முறிந்து, வடக்குக்குப் போகிற பாதை பூட்டி, சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். ஆனால் இங்கே படிக்கக் கொழும்பு முகவரியில்தான் விண்ணப்பித்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்குப் போனாலும் கொழும்பு என்றுதான் சொல்லிக்கொண்டேன். எங்கள் ஆட்களின் முதல் கேள்வி எந்த ஊர் என்பது, இரண்டாவது ஆருடைய பிள்ளை என்பது. மூன்றாவது கேள்விக்கு முன்னம் நான் கோப்பித் தட்டோடு மெல்ல நழுவிவிடுவேன். அண்ணன் இன்னும் அந்தக் கரையில்தான் இருக்கிறார். நான் இங்கே யாரிடமாவது ஒன்றைச் சொல்லி, அது தொலைபேசி வழியாக ஊருக்குப் போய், யாருடைய காதிலாவது விழுந்தால் என்ன செய்வது?

எனக்குக் கிடைத்த பேராசிரியர் இங்குன். ஐம்பது வயது, நெடுநெடு உயரம், கொட்டும் மழையிலும் சைக்கிளில்தான் வருவார். நல்ல மனுசி. என் அறையில் குளிர் என்று கேள்விப்பட்டதும் தன் வீட்டுக் கம்பளிப் போர்வையைக் கொண்டுவந்து தந்தவர். சமாதான காலத்தில் எங்கள் கரைப் பக்கம் மீனவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அவர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒரு அத்தியாயத்தை எனக்குத் தந்தார். உன் நாட்டைப் பற்றியது, உனக்குச் சுகமாக இருக்கும் என்று சிரித்தார்.

நூலகத்தில் இருந்து அதைப் படித்தேன். நடுவில் டானியல் என்று ஒருவர் வந்தார். படகு எஞ்சின் திருத்துகிறவர். சின்ன வயதில் காய்ச்சல் வந்ததால் இடது காலை இழுத்து நடப்பவர். கோயிலுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டிருப்பவர், கோயில் மணியும் அடிப்பவர். இரவில் பெடியன்களைப் படகில் ஏற்றி இந்தியக் கரைக்கு அனுப்பியவர். இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போக வந்த பெடியன்களும் அதில் இருந்தார்கள், ஆமி தேடிய பெடியன்களும் இருந்தார்கள்.

டானியலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அது என் அண்ணன் கிளெமென்ற்.

சமாதானம் வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரி வந்து கதைத்தவ, நல்ல மனுசி, எங்கள் கொட்டிலில் தேத்தண்ணி குடித்தவ என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. தேத்தண்ணி கொடுத்தவர் அதோடு நின்றிருக்கக் கூடாதா? எங்களுக்கே சொல்லாததை எல்லாம் அந்த மனுசிக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது எல்லோரும் அப்படித்தான் கதைத்தார்கள். சண்டை இனி வராது என்று நம்பிய காலம் அது. இந்தப் பக்கங்களை இரண்டு தரப்பில் எவன் படித்தாலும் அண்ணனுக்கு ஒரு கிழமை கூடத் தவணை கிடைக்காது.

இங்குன் கவனமில்லாதவர் என்று சொல்லமாட்டேன். பேரை மாற்றியிருந்தார், ஊர்ப் பேரையும் எடுத்துவிட்டிருந்தார். இங்கே உள்ளவர்களுக்கு ஆள் என்றால் பேர். பேரும் பிறந்த திகதியும் போனால் ஆள் மறைந்துவிட்டார் என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் கிளெமென்ற் என்று கேட்டால் ஞானஸ்நானம் கொடுத்த சுவாமியாருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் 'எஞ்சின்'. தபால்காரரும் எஞ்சின் என்றுதான் கூப்பிடுவார். யாரும் பாவிக்காத ஒன்றை மாற்றிவிட்டு, எல்லோரும் பாவிக்கிற அத்தனையையும் அப்படியே விட்டிருந்தார் அந்த மனுசி.

அடுத்த நாளே அவருடைய அறை வாசலுக்குப் போனேன். நான் வாய் திறக்கமுன்னம் அவர் உள்ளங்கையைக் காட்டி என்னை மறித்தார். ஒப்பொனென்ற் எழுதியவரோடு முன்கூட்டிக் கதைக்கக் கூடாதாம், அதுவும் பழைய வழக்கமாம். எது என்றாலும் வியாழக்கிழமை மண்டபத்தில் சொல்லு, பயப்படாதே என்றார். நான் தப்பிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கதவு விரியத் திறந்து கிடந்தது. தாழ்வாரத்தில் ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அது என் அண்ணன் என்று சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

ஈமெயில் எழுதலாம் என்று இருந்தேன். எழுதினால் எழுத்து நிற்குமே என்று விட்டுவிட்டேன். அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாம் சுகம் என்றார். கோயிலடியில் ஆமிக்காரர் புதிதாகச் சென்றி போட்டுக் காவல் நிற்கிறார்கள் என்றும், மணி அடிக்கப் போகும்போது ஒவ்வொரு தடவையும் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்றும் சாதாரணமாகச் சொன்னார். கால் எப்படி அண்ணா என்று கேட்டேன். அது எங்கே போகப்போகுது, இழுத்துக்கொண்டு பின்னால் வருகுது என்று சிரித்தார். வேறு யார் அந்த வயரில் கேட்டுக்கொண்டிருந்தார்களோ தெரியாது. நானும் சிரித்துவிட்டு வைத்தேன்.

அதற்குப் பிறகு சாப்பாடு இறங்கவில்லை. விடுதிச் சமையலறையில் எல்லோரும் பாணில் மண்ணிறப் பாற்கட்டி வைத்துச் சாப்பிடுவார்கள். அந்த இனிப்பு வாடைக்கே நான் எழும்பி வெளியே போய்விடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் அத்தியாயம் அச்சுக்குப் போகும், நானும் தேறமாட்டேன். வாயைத் திறந்து ஆள் யார் என்று தெரிகிறது என்று சொன்னால், ஆளைத் தெரியாதவனும் யாரது என்று தேடத் தொடங்குவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அண்ணன்தான் நின்றார்.

வியாழக்கிழமை வந்தது. அந்தக் கூட்டத்துக்கு வெளியாட்களும் வரலாம். வாசல் மேசையில் அத்தியாயத்தின் பிரதிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஆளுக்கொன்றை எடுத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு தமிழர் வந்து இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நீல மழைச்சட்டை, அதை அவர் கழற்றவே இல்லை. ஒஸ்லோவில் ஒரு தமிழ் முகம் இன்னொரு தமிழ் முகத்தைக் கண்டால் தலையையாவது ஆட்டும். இவர் ஆட்டவில்லை. முன்னால் இருந்த இங்குனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்துவிட்டான் என்று நினைத்தேன். எந்தப் பக்கத்து ஆள் என்று தெரியவில்லை. எந்தப் பக்கமாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். யேசுவே, என் வாயைக் காத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொண்டேன். சபைத் தலைவராக இருந்த கிழவர் மரச் சுத்தியலால் மேசையில் தட்டினார். எழும்பினேன். கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் அடிக்குறிப்புகளைப் பற்றி ஏதோ சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை. பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு என் பேரைப் பற்றிச் சொன்னேன். என் பெயர் யோசெப்பின். நான் பிறந்த இடத்துக்குப் போய் யோசெப்பின் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் காட்டமாட்டார்கள். வாயாடி வீடு எது என்று கேளுங்கள், சின்னப்பிள்ளையும் உங்கள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். மண்டபத்தில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

"இந்த அத்தியாயத்தில் வருகிறவரின் பேரை மாற்றியிருக்கிறீர்கள். காலை அப்படியே விட்டிருக்கிறீர்கள். தொழிலை விட்டிருக்கிறீர்கள். மணியை விட்டிருக்கிறீர்கள். அவரைத் தேடி வருகிறவனுக்குப் பேர் தேவையில்லை. அந்தப் பகுதி முழுவதையும் எடுத்துவிடுங்கள்."

ஒப்பொனென்ற் காரணம் காட்ட வேண்டும், உங்களுக்கு இந்த மனிதரைத் தெரியுமா என்று தலைவர் கேட்டார். கடைசி வரிசை மழைச்சட்டை முன்னால் சாய்ந்தது.

"தெரியாது," என்றேன். "தெரிந்திருந்தால் இங்கே நின்று இதைச் சொல்லியிருக்க மாட்டேன்."

இங்குனின் முகம் வெளிறிப்போயிற்று. எழுதியவர் கதைக்கக் கூடாத வழக்கத்தை அவரே உடைத்தார். எழும்பி, அந்தப் பகுதி புத்தகத்தில் வராது என்றார். இந்த மண்டபத்துக்கு வெளியே அதை யாரும் படிக்கவில்லை, எல்லோரும் பிரதிகளைத் திருப்பித் தாருங்கள் என்றார். தானே ஒவ்வொருவரிடமும் போய் வாங்கினார். என்னிடம் வந்தபோது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கும் விளங்கியது.

எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பிரதி குறைந்தது. கடைசி வரிசையில் மழைச்சட்டையைக் காணவில்லை.

ஐயோ என்று கத்தியபடி நான் ஓடினேன். கோட்டு இல்லை, குடை இல்லை. படியில் வழுக்கி விழப் பார்த்தேன். வெளியே மழை. ரயில் நிலையத்துப் பக்கம் நீலச் சட்டை விறுவிறென்று போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு நேரமும் எந்த ஆளைப் பார்த்துப் பயந்தேனோ அந்த ஆளைத் துரத்திக்கொண்டு நான் ஓடினேன். நிலையத்தின் நிலத்தடிப் படிகளில் எட்டிப் பிடித்தேன்.

"அண்ணை, அந்தக் கடதாசியைத் தாங்கோ."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். சட்டைக்குள் விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

"பிள்ளை ஆரின்ரை ஆள்?" என்று கேட்டார்.

"நான் ஒருத்தரின்ரை ஆளும் இல்லை. நீங்கள் ஆரின்ரை ஆள்?"

"நானும் ஒருத்தரின்ரையும் இல்லை." இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதிலை இருக்கிறது என்ரை மனுசியின்ரை தம்பி."

என் அண்ணனுக்கு என்னைத் தவிர வேறு சகோதரி இல்லை. அவர் சொல்லிக்கொண்டே போனார். அவனும் எஞ்சின் திருத்துகிறவனாம். அவனுக்கும் கால் இழுக்குமாம். கோயில் மணியும் அவன்தான் அடிப்பானாம். பெடியன்களைப் படகில் ஏற்றினானோ என்று தெரியாதாம், அதையெல்லாம் வீட்டில் சொல்ல மாட்டானாம். எங்கள் நாட்டைப் பற்றிக் கூட்டம் என்று கேள்விப்பட்டு வந்து, பிரதியைப் படித்ததும் நெஞ்சு அடைத்துவிட்டதாம். எழும்பி எடுக்கச் சொல்ல நினைத்தாராம். முன்னால் ஒரு தமிழ்ப் பெட்டை நிற்கிறது, எந்தப் பக்கத்து ஆளோ என்று பயந்து இருந்துவிட்டாராம்.

"ஒரு கொப்பியாவது குறையட்டும் எண்டு எடுத்துக்கொண்டு வந்திட்டன்," என்றார்.

அது உங்கள் ஆள் இல்லை, என் அண்ணன். இந்தச் சொற்கள் நாக்கின் நுனியில் நின்றன. சொன்னால் அந்த மனிதர் அன்றைக்காவது நிம்மதியாக நித்திரை கொள்வார். ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பாரே. கேட்டால் நான் அண்ணனைச் சொல்ல வேண்டும். இவருடைய பயம் உண்மைதான், ஆனால் இவருக்கு ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஒரு தொலைபேசி இருக்கிறது.

அப்போதுதான் மற்றது உறைத்தது. எங்கள் கரையில் எஞ்சின் திருத்துகிறவர்கள் எத்தனை பேர், கால் இழுக்கிறவர்கள் எத்தனை பேர். அடையாளத்தை வைத்துத் தேடி வருகிறவன் நீதான் அந்த ஆளா என்று விசாரித்துவிட்டா சுடுவான்? முதலில் எந்தக் கொட்டில் வருகிறதோ அதில்தான் நுழைவான். இந்த மனிதர் பயப்படுவது வீண் பயமே இல்லை.

அவர் சட்டைக்குள்ளிருந்து பிரதியை எடுத்தார். இரண்டு பேரும் அங்கேயே நின்று கிழித்தோம். துண்டு துண்டாக, எழுத்துத் தெரியாத அளவுக்குக் கிழித்தோம். ஒரே தொட்டிக்குள் போட வேண்டாம் என்று அவர் சொன்னார். பாதியை அவர் பையில் போட்டுக்கொண்டார், பாதியை நான் போட்டுக்கொண்டேன். என் தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் தன் கழுத்துத் துண்டைக் கழற்றித் தந்து, துடையுங்கோ பிள்ளை, காய்ச்சல் பிடிக்கும் என்றார். அந்தப் பேச்சின் இழுவை அப்படியே எங்கள் கரை இழுவை. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது.

அவர் வெஸ்ட்லி போகிற ரயிலுக்குக் காத்திருந்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டே, அவர் வேறெங்கோ பார்த்தபடி கேட்டார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"கொழும்பு," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"ஓம். நானும் கொழும்புதான்," என்றார்.

அவருடைய ரயில் வந்தது. ஏறிப் போனார்.