மரங்கொத்தியும் மாடி அறையும்

பழைய கட்டடம் எதைக் கண்டாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பது அந்த உள் அலங்காரக்காரரின் வழக்கம். ஆண்டுக்கொரு நகரம் என்று மனைவியோடு புறப்படுவார். தூண், கதவு, சுவர் என எதையும் விடாமல் தட்டி, காது வைத்துக் கேட்டு, அதன் ஆயுளை ஊரறிய அறிவிப்பார். மனைவி அவருக்கு மரங்கொத்தி என்று பெயர் சூட்டியிருந்தாள். மரங்கொத்தியாவது புழு கிடைத்ததும் நிறுத்தும், இவர் நிறுத்தமாட்டார்.

இம்முறை சென்ற நகரத்தில் பழைய வணிகர் மாளிகையொன்றை அருங்காட்சியகமாக்கியிருந்தார்கள். ஒரே சாயலில் நின்ற வீடுகளுள், திறந்திருந்ததே மாளிகை என்று முடிவுகட்டி அவர் விடுவிடுவென்று நுழைந்தார்.

"ஏங்க, டிக்கெட் வாங்க வேணாமா?"

"வரும்போது வாங்கிக்கலாம், வா."

உள்ளே ஓர் இளம் தம்பதிக்கு ஒரு பெண்மணி அறைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டி என்றெண்ணி மரங்கொத்தி ஒட்டிக்கொண்டார். அந்தப் பெண்மணியோ வீட்டுக்காரி; புதிதாக வந்தவர்களைத் தம்பதியின் பெற்றோர் என்றெண்ணி, "வாங்க, வாங்க" என்றார். மாடி அறையில் குடிவைக்க ஆள் தேடி அலுத்தவர் அவர். இந்தத் தம்பதியும் கைவிட்டால், வீட்டை விற்றுவிட்டு அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

சாய்ந்த கூரையின் கீழிருந்த அந்த அறையில், மரங்கொத்தி நாற்காலிமேல் ஏறி உத்திரத்தைத் தட்டினார்.

"போச்சு! உள்ள வெறும் கூடு. கரையான் முழுசாத் தின்னுடுச்சு. யாராவது பலமாத் தும்மினாக்கூடக் கூரை தலையில வந்துரும்."

இளம்பெண்ணுக்கு அப்போதுதானா தும்மல் வரவேண்டும்? மூக்கை இறுகப் பிடித்தபடி கணவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"என்னங்க, உங்க பிள்ளைங்க இப்படி ஓடுறாங்க?" என்றார் வீட்டுக்காரி.

"எங்க பிள்ளைங்களா? மியூசியம் பாக்க வந்தவங்கதானே?"

"மியூசியம் பக்கத்துலங்க. இது என் வீடு. நீங்க தட்டினது உத்திரமும் இல்ல. ஒயரை மறைக்க அடிச்ச பலகை."

மரங்கொத்தி திருகாணியைக் கழற்றிப் பார்த்தார். பலகைக்குள் உத்திரம் கல்லுப்போல் இருந்தது. எத்தனையோ வீடுகளுக்கு இத்தகைய பலகைகளை அடித்துக்கொடுத்தவர் அவரே!

"இனிமே உங்க தலையைத் தட்டிப் பாருங்க. அங்கதான் சத்தம் நல்லா வரும்" என்றாள் மனைவி.

மரங்கொத்தி தெருமுனைவரை ஓடி, மூச்சிரைக்கத் தம்பதியை மறித்தார்.

"தம்பி, நான் சொன்னது சுத்தத் தப்பு."

"சார், அப்பவும் இதே மாதிரி அடிச்சுத்தானே சொன்னீங்க? எதை நம்புறது?"

"என்னை நம்பவேணாம். வந்து கண்ணால பாருங்க."

அழைத்துவந்தவர், மீதிப் பலகைகளையும் கழற்றி, உத்திரத்தை இரு கைகளாலும் கட்டிப்பிடித்து, நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டுத் தொங்கினார். உத்திரம் முனகக்கூட இல்லை, முனகியவர் அவர்தான்.

"எவ்வளவு நேரம் தொங்குவாரு?" என்று இளைஞன் மரங்கொத்தியின் மனைவியிடம் கேட்டான்.

"நீங்க வீடு பிடிச்சிருக்குன்னு சொல்ற வரைக்கும். அவசரப்படாம யோசிங்க."

தம்பதி சிரித்துவிட்டனர். இளம்பெண் வீட்டுக்காரியிடம், "எப்பங்க குடி வரலாம்?" என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் வேலையாக நாற்காலியைத் தொங்கிய கால்களுக்குக் கீழே நகர்த்தினார்.

"தாயே, மன்னிச்சிருங்க" என்று இறங்கினார் மரங்கொத்தி.

அருங்காட்சியகம் கதவடைக்கும் நேரத்திலும், கழற்றிய பலகைகளை ஒவ்வொன்றாக, தட்டாமல், மரங்கொத்தி மீண்டும் திருகி மாட்டிக்கொண்டிருந்தார்.