ஒல்மார் வாசலில் ஒரு வருடம் குறைந்தது

அன்று ஒல்மார் நகரத்து வாசலில் நின்றவர்கள் ஒன்பது பேர். இசக்கிராஜ், பேச்சி, ஹமீதா, வேல்மயில் ஆகிய நால்வருக்கும் பத்தொன்பது வயது. ஜெனிட்டா, உச்சிமாகாளி, தங்கக்கனி மூவருக்கும் இருபது. வரலாற்றுத் துறை ரெஜினா மேடத்துக்கு நாற்பத்தாறு. எனக்கு அறுபத்தெட்டு. கூட்டினால் இருநூற்றைம்பது.

ஒல்மார் ஐரோப்பாவின் பழைய நகரங்களில் ஒன்று. ஒரு குழுவில் எல்லார் வயதையும் கூட்டினால் குறைந்தது இருநூற்றைம்பது வர வேண்டும். அப்போதுதான் உள்ளே விடுவார்கள். சின்ன வயதுக்காரர்கள் மட்டும் வந்து பார்த்தால் அங்குள்ள கட்டடங்களுக்குக் கூச்சமாக இருக்குமாம். அது நியாயம்தான். எனக்கும் அப்படித்தான்.

என்னைச் சேர்த்ததே இந்தக் கணக்குக்காகத்தான். கோவில்பட்டியில் எங்கள் கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். படிப்பு எட்டாவது வரை. மாணவர்களுக்கும் மேடத்துக்கும் சேர்த்து நூற்று எண்பத்திரண்டு வந்தது. மீதி அறுபத்தெட்டுக்கு ஆள் தேடினார்கள். அந்த வயதில் பாஸ்போர்ட் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மகனைப் பார்க்க மஸ்கட் போய் வந்திருந்தேன்.

உள்ளே பத்து நாள் வகுப்பு. பழைய கல் கட்டடங்களை எப்படிப் பழுது பார்ப்பது என்று சொல்லித் தருவார்கள். கடைசியில் ஒரு தேர்வு. அதில் முதலாவதாக வருகிறவருக்கு அங்கேயே தங்கி இரண்டு வருடம் படிக்க இடம் கிடைக்கும். எங்கள் மாணவர்களில் ஆறு பேர் ஊர் பார்க்க வந்தவர்கள். ஜெனிட்டா அந்த இடத்துக்காக வந்தவள். ஒரு வருடமாக டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே அந்த ஊர்ப் பாஷையைப் படித்திருந்தாள். ஒல்மார் ஒரு கல்லூரியை ஒரு தடவைதான் கூப்பிடும். வாசல் விளக்கை ஏற்றியதும் கதவை அடைத்துவிடுவார்கள். அதற்குள் நுழையாத குழு அப்படியே விமான நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

வாசலில் ஓர் இரும்பு மேடை இருந்தது. நம் ஊரில் லாரியை எடை போடுவார்களே, அது போல, ஆனால் சிறியது. ஒருவர் ஏறி நின்றால் பக்கத்து வட்டத்தில் முள் நகரும். ஒரு வருடத்துக்கு ஒரு ‘டக்’. அவர் இறங்கிய பிறகும் முள் அங்கேயே நிற்கும். அடுத்தவர் வயது அதோடு சேரும்.

மாணவர்கள் ஏழு பேரும் ஏறி இறங்கினார்கள். முள் நூற்று முப்பத்தாறில் நின்றது. பிறகு நான் ஏறினேன். அறுபத்தேழு ‘டக்’ கேட்டது. அதற்கு மேல் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, நல்லா ஊனி நில்லுங்க. ஒண்ணு குறையுது” என்றான் இசக்கிராஜ்.

“ஊனித்தாம்ல நிக்கேன்.”

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது என்று எழுதிக்கொள்வார்கள். நான் நாலிலேயே தொட்டுவிட்டேன். எனக்குக் கை நீளம்.

மேடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “இருநூத்தி மூணும் என் நாப்பத்தாறும் இருநூத்தி நாப்பத்தொம்பது.” பிறகு மேடையில் ஏறாமல் கைப்பையை மார்போடு அணைத்தபடி ஒதுங்கி நின்றார்.

பேச்சிக்கு அடுத்த மாதம் பிறந்தநாள் வருகிறது என்று உச்சிமாகாளி சொன்னான். மேடம் அதை வாசலில் நின்ற காவலரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அங்கே மாதங்களை எண்ணுவதில்லை என்று காவலர் பதில் சொன்னார்.

பக்கத்தில் ஒரு பஸ்ஸிலிருந்து வயதானவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிராஜ் போய், எல்லாரிலும் மூத்தவராகத் தெரிந்தவரைக் கும்பிட்டு, எங்களோடு வர முடியுமா என்று கேட்டான். அவர் சம்மதித்தார். அவர் மனைவி சம்மதிக்கவில்லை.

“ஏல, அந்தம்மாவையும் சேத்துக் கூப்பிட்டிருக்கலாம்லா” என்றாள் பேச்சி.

“கூப்பிட்டேன் தாயி. அவுகளுக்கு நம்மளப் பிடிக்கல.”

காவலர் ஏணியை எடுத்துவந்து விளக்குக் கம்பத்தில் சாத்தினார்.

ஜெனிட்டா தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பெட்டிப் பிடியில் விமான நிலையத்தில் ஒட்டிவிட்ட காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

“நீங்க என்ன செய்வீக அண்ணாச்சி” என்றாள் அவளே. பிறகு, “மேடம், நீங்க ஒரு தடவ ஏறிப் பாருங்களேன். எதுக்கும்” என்றாள்.

“ஏறினா மட்டும்? நாப்பத்தாறு நாப்பத்தாறுதானட்டீ.”

“சரிங்க மேடம்.”

காவலர் ஏணியில் ஏறத் தொடங்கினார். மேடம் அவரைப் பார்த்தார். ஜெனிட்டாவின் நகத்தைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்பிக்கிடுங்க. எல்லாரும் திரும்புங்க. இசக்கி, ஒன்னையுந்தான் சொல்லுதேன்.”

எட்டுப் பேரும் திரும்பி நின்றோம். எதிரே ஆறும் பாலமும் தெரிந்தன. கைப்பையை இரும்பில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மேடை அடிக்கத் தொடங்கியது.

எண்ணக் கூடாது என்றுதான் நினைத்தேன். இருபத்தெட்டு வருடம் சைக்கிள் எண்ணிய காது, சொன்னால் கேட்கவில்லை. நாற்பத்து நான்கு. நாற்பத்தைந்து. நாற்பத்தாறு. ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாற்பத்தேழு.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். மேடை நிற்கவில்லை. நாற்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. ஐம்பது. இசக்கிராஜ் வாயைத் திறந்தான். பேச்சி அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“திரும்பலாம்” என்றார் மேடம். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, “எங்கப்பா கொறச்சு எழுதிவிட்டது. என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? பெட்டியத் தூக்குங்க” என்றார்.

முள் இருநூற்று ஐம்பத்து மூன்றில் நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை. காவலர் ஏணியிலிருந்து இறங்கி வந்து தடுப்புக் கட்டையைத் தூக்கினார். ஜெனிட்டா ஓடினாள். அவள் பெட்டிச் சக்கரங்கள் கல் பாவிய தெருவில் தடதடவென்று போன சத்தம் வெகுதூரம் கேட்டது. தெருமுனையில் நின்று, யாரோ ஒரு கிழவரிடம் அந்த ஊர்ப் பாஷையில் எதையோ கேட்டாள். அவர் நின்று பதில் சொன்னார். அவள் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். எனக்கு அப்போதுதான் கால் வலித்தது. அதுவரை வலித்ததாகத் தெரியவில்லை.

மேடம் என் அருகில் நடந்து வந்தார். “டீ கிடைக்குமா அண்ணாச்சி இங்க?”

“கேட்டுப் பாப்போம் மேடம்.”

காவலர் பின்னாலேயே வந்து ஒரு காகிதப் பொட்டலத்தை மேடத்திடம் நீட்டினார். கூடுதலாக இருந்த மூன்று வருடம். மேடம் வாங்க மறுத்து என் கையில் கொடுக்கச் சொன்னார். திறந்து பார்த்தேன். அவித்த மொச்சை போல மூன்று, சூடாக இருந்தன. விமானத்தில் கொடுத்த சாப்பாட்டை இசக்கிராஜ் சாப்பிட்டிருக்கவில்லை. நான் மூடுவதற்குள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டான்.

“உப்பு இல்ல” என்றான்.

டிராம் வருவதற்குள் அவன் மீசை அடர்ந்துவிட்டது. பேச்சி தள்ளி நின்று பார்த்து, பரவாயில்லை என்றாள். பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மிச்சம் இரண்டு.