கானா ஊர்க் கல்யாணத்தில் என்ன குடித்தார்கள்?

பள்ளிக்கூடத்தில் பைபிள் நடத்தியே தீர வேண்டும் என்று எங்கள் ஊரில் தொண்டை கிழியக் கத்தியவர் ஹாய்ட் லாண்ட்ரம். பள்ளி வாரியத் தலைவர். எங்கள் பாப்டிஸ்ட் சபைக்காரர். அமெரிக்காவில், ஓக்லஹோமாவின் இந்தக் கோதுமை ஊரில் அவரை யார் எதிர்ப்பார்கள்? தீர்மானம் நிறைவேறியது. ஐந்தாம் வகுப்பு ஆசிரியையான என் தலையில் வந்து விடிந்தது.

நான் வேண்டாம் என்றேன். நான் ஒன்றும் பைபிளுக்கு விரோதி இல்லை. ஞாயிறுதோறும் சபையில் இதே வயதுப் பிள்ளைகளுக்கு அதைத்தான் நடத்துகிறேன். பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும், அது வேறு கதை.

"ஏன் லொரீன், பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தா வேதம் தேஞ்சுடுமா?" என்று ஹாய்ட் சிரித்தார்.

இரண்டாவது வாரமே கானா ஊர்க் கல்யாணம் வந்தது. இயேசு தண்ணீரை ஒயினாக மாற்றிய இடத்தை வாசித்து முடித்தேன். ஹாய்ட்டின் மகள் டெஸ்ஸா கையைத் தூக்கினாள்.

"நிஜ ஒயினா டீச்சர்? நம்ம சர்ச்ல குட்டிக் கப்புல ஜூஸ்தானே தர்றாங்க?"

"ஆமாம்மா, ஒயின்தான்" என்றேன். வந்தது வினை.

அந்த வார வாரியக் கூட்டத்தில் நிற்க இடமில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். மணி அடித்தால் உட்கார வேண்டும். ஒருத்தரும் உட்காரவில்லை.

"குடி பாவம்னு சொல்லிச் சொல்லி வளக்குறோம். இந்தம்மா ஏசுவையே சாராயக் கடைக்காரர் ஆக்கிட்டாங்க!" என்றார் எங்கள் சபைக்காரர் ராய்ஸ். "அது வெறும் திராட்சை ஜூஸ்!"

லூத்தரன் சபையைச் சேர்ந்த விவசாயி க்ளெமென்ஸ் எழுந்தார். "நாங்க சபையில நற்கருணை வாங்கும்போது ஒயின்தான்யா குடிக்கிறோம். அப்ப நாங்கல்லாம் குடிகாரங்களா?"

"நான் சொல்லலப்பா. நீயாத்தான் சொல்லிக்கிற!"

அறுவடைக்கு ஒரே இயந்திரத்தை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்கள் இவர்கள். இனி அந்த வண்டியோடு நீ என் வயலுக்குள் வரக் கூடாது என்கிற அளவுக்குப் போனது பேச்சு. எனக்கோ தலையில் அடித்துக்கொள்ளலாம் போல எரிச்சல். இதற்குத்தானே ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றேன்?

கடைசியில் ஹாய்ட் மேஜையைத் தட்டினார். "லொரீன், இனிமே பாடத்த வாசிங்க, அதோட நிறுத்திக்குங்க. பசங்க என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. மீறினா வேலைய மறந்துட வேண்டியதுதான்."

"பதில் சொல்லாததுக்கு டீச்சர் எதுக்கு ஹாய்ட்? ஒரு ரேடியோ வாங்கி வச்சுடுங்களேன்."

"விளக்கம் சொல்றது பெத்தவங்க பொறுப்பு. அத நாங்க பாத்துக்குறோம்."

இரண்டு சபைக்காரர்களும் கை தட்டினார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான். கணவர் இறந்த பிறகு இந்தச் சம்பளத்தில்தான் என் வீடு ஓடுகிறது. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் புத்தகத்தைத் திறப்பதற்குள் டெஸ்ஸாவின் கை மேலே.

"டீச்சர், அது ஒயினா ஜூஸா? நீங்க ஒண்ணு சொல்றீங்க, ராய்ஸ் அங்கிள் ஒண்ணு சொல்றாரு."

"உங்க அப்பாகிட்டக் கேளும்மா."

"கேட்டேனே. தொணதொணக்காத, போய் டீச்சரக் கேளுன்னுட்டாரு."

எனக்குச் சுரீர் என்றது. "சரி, ஞாயித்துக்கெழம சபைக்கு வா. அங்க நீ என்ன வேணா கேக்கலாம், நானும் சொல்லலாம்."

"ஞாயித்துக்கெழம சாஃப்ட்பால் மேட்ச் இருக்கு டீச்சர். அப்பாதான் எங்க கோச்."

வகுப்பு மொத்தமும் என்னையே பார்த்தது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"ஒயின்தான்மா" என்றேன். "அதுவும் நல்ல ஒயின்."

டெஸ்ஸா திருப்தியாகத் தலையை ஆட்டினாள். பிறகு அடுத்த கேள்விக்குக் கையைத் தூக்கினாள்.